41 பல்லா 38 பல்லா: தூரத்து ஆளுங்ககிட்ட மைனர் சாமான் வாங்கின அனுபவம்

ரெண்டு வருஷத்துக்குள்ள நாலு பேருகிட்ட பழைய மொரிஸ் மைனர் கார் சாமான் வாங்கிட்டேன், நாலு பேர்ல ஒருத்தரைக் கூட நேர்ல பாத்ததில்ல. ஒருத்தர் யாழ்ப்பாணம், ஒருத்தர் குருநாகல், ஒருத்தர் கொழும்புக்கு இந்தப் பக்கம், இன்னொருத்தர் இங்கிலாந்து. கடை கிடையாது, போர்டு கிடையாது, பில்லும் கிடையாது, எல்லாம் வீட்டு பின்பக்கம் தகரத்துக்கு கீழ போட்டு வச்சு விக்கிற ஆளுங்க. இப்படி வாங்கலாமா, காசு போயிருமான்னு ரெண்டு மூணு பேர் கேட்டாங்க, அவங்களுக்காகத்தான் எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் வரும்.

முதல்ல காரைப் பத்தி சொல்லிடுறேன், இல்லாட்டி மிச்சம் வெளங்காது. எங்களோடது 58ம் வருஷத்து மைனர் 1000, 948 சிசி, நம்பர் பிளேட்ல நடுவுல ஸ்ரீ. எங்க மாமா தேயிலத் தோட்டத்துல பெரிய கிராணியா (தலைமை கிளார்க்கு) இருந்த காலத்துல ஒரு சின்ன தொரை (உதவி மேனேஜர்) ஊருக்குப் போகும்போது குடுத்துட்டுப் போன கார், மாமாவுக்குப் பிறகு எனக்கு வந்துச்சு. மலநாட்டுல லிந்துல பக்கம் வீடு. இங்க மழையும் பனியும் தகரத்தைத் தின்னும், ஏத்தமும் எறக்கமும் இரும்பைத் தின்னும், அதனால வருஷத்துக்கு ஒரு சாமானாவது தேட வேண்டியிருக்கு. ஹட்டன்ல, நுவரெலியால ஒன்னும் கெடைக்காது, கொழும்புல பஞ்சிகாவத்தை சாமான் கடைகளுக்குப் போனா ஜப்பான் வண்டி சாமான் மல மாதிரி கெடக்கு, மைனர்னு சொன்னா கடைக்காரங்க சிரிக்கிறாங்க. லேத் கடையில புஷ் கடைஞ்சு வாங்கலாம், பல்லுச் சக்கரம் கடைய முடியாது. ஆக மிச்சம் இருக்கிறது விளம்பரம் பாத்து தூரத்து ஆளுகிட்ட வாங்குறது மட்டும்தான்.

போன வருஷம் மழக்காலத்துல ரதல்ல குறுக்கு ரோட்டுல நானுஓயா பக்கம் ஏறிட்டிருந்தேன், ரெண்டாவது கியர், பின் சீட்டுல ரெண்டு மூட்ட கிழங்கு. பின்னால டக் டக்னு ஒரு சத்தம், சக்கரம் ஒரு சுத்து சுத்துனா ஒரு டக். மெதுவா ஓரம் கட்டி, வந்த வழியே எறக்கத்துல வீட்டுக்கு விட்டுட்டேன். அடுத்த நாள் டிஃப் (பின் சக்கரங்களச் சுத்த வைக்கிற பல்லுச் சக்கரப் பொட்டி) எண்ணெயக் கழட்டுனா எண்ணெயில வெள்ளித்தூள் மாதிரி மினுமினுன்னு, அதோட அரிசி அளவுல ஒரு இரும்புச் சில்லு. எங்க பாஸ் (மெக்கானிக்க நாங்க பாஸ்னுதான் கூப்பிடுறது) அத உள்ளங்கையில வச்சு உருட்டிப் பாத்துட்டு "பல்லு போச்சுங்க தம்பி"ன்னாரு. அவ்வளவுதான்.

இப்ப முதல் ஆளு, கொழும்புக்கு இந்தப் பக்கத்துக்காரர். விளம்பரத்துல "மைனர் 1000 டிஃப், ஒரிஜினல், சத்தம் இல்ல"ன்னு போட்டிருந்தாரு. ஃபோன் எடுத்ததும் தமிழ்ல "சொல்லுங்கண்ணே". எந்த ஊருன்னு கேட்டாரு, சொன்னேன். "ஐயோ நம்ம ஆளா, எங்க அம்மா வீடு கொட்டகலண்ணே"ன்னாரு. அந்த எடத்துலயே நான் பாதி விழுந்துட்டேன், உண்மையச் சொல்லணும்ல. என்னோடது 948 அதுக்கு சரியா வருமான்னு கேட்டேன், "மைனர் தவுசண்ட் தானேண்ணே, கண்ண மூடிட்டு எடுங்க, உங்களுக்கு நான் பொய் சொல்வேனா". மூணு ஃபோட்டோ வந்துச்சு, மூணும் நல்லா கழுவி தொடைச்சு வெயில்ல வச்சு எடுத்தது, பளபளன்னு. முழுக் காசும் போட்டாத்தான் கொரியர்ல போடுவேன்னாரு, 45,000 ரூபாய டவுன்ல பேங்க் மெஷின்ல போட்டு ஸ்லிப்ப ஃபோட்டோ எடுத்து அனுப்பினேன். மூணு நாள்ல சாமான் வந்துச்சு, அதுல குறை சொல்ல மாட்டேன், பெட்டியும் நல்லாத்தான் கட்டியிருந்தாரு.

ரெண்டு பின் சக்கரமும் கழட்டி, ரெண்டு பக்கத்து எக்சல் ஷாஃப்டும் வெளிய இழுத்து, ப்ரொப் ஷாஃப்ட (கியர்பொக்ஸ்ல இருந்து டிஃபுக்கு வர்ற நீளத் தண்டு) கழட்டி ஓரமா போட்டு, அப்புறம்தான் டிஃப் கழலும். ஒரு முழு நாள் வேல. புதுசு அப்படியே போய் உக்காந்துச்சு, ஒரு போல்ட் கூட மாறல, எனக்கு சரியான சந்தோசம். தலவாக்கலைக்குப் போய் வந்தா சத்தமே இல்ல, அம்மாவக் கூட்டிட்டு கோயிலுக்கும் போய் வந்தாச்சு. ஒரு கெழமைக்குப் பிறகு திரும்பவும் நானுஓயா ஏத்தம். முன்னாடி மூணாவதுல மொனகிட்டு ஏறுற எடத்துல எல்லாம் இப்ப ரெண்டாவது கேக்குது, ரெண்டாவதுல ஏறுற வளைவுல ஒன்னாவது கேக்குது. மைனர்ல ஒன்னாவதுக்கு ஓடும்போது மாத்துறது எவ்வளவு கரைச்சல்னு ஓட்டினவங்களுக்குத் தெரியும், கரகரன்னு அரைக்கும். எஞ்சின் வீக்காயிருச்சோன்னு ப்ளக் மாத்தினேன், பொயின்ட் மாத்தினேன், காபரேட்டரக் கழட்டிக் கழுவினேன். ஒன்னும் நடக்கல.

பாஸ்தான் கடைசில கண்டுபிடிச்சாரு. ஒரு பின் சக்கரத்த மட்டும் ஜேக் போட்டுத் தூக்கி, கியர நியூட்ரல்ல விட்டு, டயர்ல ஒரு சோக்கு கோடு, ப்ரொப் ஷாஃப்ட்ல ஒரு சோக்கு கோடு. டயர கையால சரியா ரெண்டு சுத்து சுத்தணும், இன்னொரு ஆளு கீழ படுத்து ப்ரொப் ஷாஃப்ட் எத்தன சுத்து வருதுன்னு எண்ணணும். நான்தான் படுத்தேன். நாலு சுத்து முடிஞ்சு அஞ்சாவதுல கால் கூட சரியா வரல, நின்னுருச்சு. எங்க காருக்கு நாலரையத் தாண்டி வரணும்.

கத இதுதான். மைனர் 1000ங்கிற பேர்ல ரெண்டு கார் இருக்கு. 56ல வந்தது 948 சிசி, அதோட டிஃப்ல கிரவுன் வீலுக்கு (பெரிய பல்லுச் சக்கரம்) 41 பல்லு, பினியனுக்கு (அதச் சுத்துற சின்னச் சக்கரம்) 9, பிரிச்சா 4.55. 62ல இருந்து எஞ்சின் 1098 சிசி ஆகிருச்சு, பலம் கூடினதால டிஃப்ப 38க்கு 9ன்னு மாத்திட்டாங்க, 4.22. பேர் மட்டும் மாறல, ரெண்டுக்கும் மைனர் 1000 தான், பொட்டியும் ஒன்னுதான், ஒன்னக் கழட்டிட்டு மத்தத போட்டா அப்படியே பொருந்தும். சமதரையில ஓடுறவனுக்கு 4.22 நல்லது, எஞ்சின் கொஞ்சமா சுத்தி கார் வேகமாப் போகும். நமக்கு நேர் எதிர். நூத்துக்கு ஏழு பங்கு இழுவ போயிருது, 948 எஞ்சின்ல ஏழு பங்குங்கிறது இந்த ரோட்டுல ஒரு கியர். மைல் மீட்டரும் பொய் சொல்லும், அது கியர்பொக்ஸ்ல இருந்து வர்றதால 40 மைல்ல போனா 37னு காட்டும்.

ஆளுக்கு ஃபோன் போட்டேன். "அண்ணே, மைனர் தவுசண்ட்னு சொன்னேன், மைனர் தவுசண்ட் தானே குடுத்தேன்". யோசிச்சுப் பாத்தா அந்தாளு சொன்னதுல ஒரு வார்த்த கூட பொய் இல்ல, அதுதான் வயித்தெரிச்சல். திருப்பி எடுங்க, கொரியர் காசு நான் போடுறேன்னேன், ஒரு தடவ பூட்டின சாமானத் திருப்பி எடுக்க மாட்டாராம். அப்புறம் மெசேஜ் போட்டா நீலக் கோடு வரும் பதில் வராது, ரெண்டு நாள் கழிச்சு நீலக் கோடும் வரல. அந்தாளுக்கு அஞ்சுக்கு ஒன்னு, அதுவும் பெட்டி கட்டினதுக்கு. ஆனா பூட்டுறதுக்கு முன்னாடி பல்ல எண்ணாம விட்டது நான்தானே, டிஃப் நாள் முழுக்க என் முன்னாடி மேசையிலதான் கெடந்துச்சு, எண்ண ரெண்டு நிமிஷம் போதும். எனக்கும் ஒன்னுதான் போடணும்.

ரெண்டாவது ஆளு யாழ்ப்பாணம், வயசானவர். இந்தத் தடவ எடுத்த உடனயே சொல்லிட்டேன், ஐயா கிரவுன் வீல்ல எத்தன பல்லுன்னு எண்ணிச் சொல்ல முடியுமா, 41 இருந்தா மட்டும் தான் வேணும்னு. எரிச்சல் படுவாரோன்னு நெனச்சேன். "பொறும் தம்பி, இப்ப சாக்குக்கு கீழ கிடக்கு, பின்னேரம் எடுத்துப் பாத்திட்டு சொல்லுறன்"ன்னு வச்சிட்டாரு. பின்னேரம் ஒன்னும் வரல, சரி இதுவும் போச்சுன்னு இருந்தேன், ராத்திரி ஒம்பது மணிக்கு ஒரு வீடியோ, நாலு நிமிஷம். யாரோ ஒரு சின்னப் பிள்ள டோர்ச் பிடிச்சிட்டு இருக்கு, வெளிச்சம் ஆடுது, ஐயா முக்காலியில உக்காந்துட்டு டிஃப்ப ரெண்டு செங்கல்லுக்கு நடுவுல வச்சு, ஒரு பல்லுல சோக்கால கோடு போட்டு, ஈர்க்குச்சியால ஒவ்வொரு பல்லாத் தொட்டு வாய்விட்டு எண்ணுறாரு. இருபத்தி நாலுல பிள்ள ஏதோ கேட்டுச்சு, எண்ணிக்க விட்டுப் போச்சு, "சனியன் பேசாம இரு"ன்னு சொல்லிட்டு முதல்ல இருந்து தொடங்குறாரு. முடிவுல 41. முடிச்சிட்டு எண்ணெய் ஊறின கையக் கமராக்கு நேர காட்டி "ரெண்டு தரம் எண்ணிப் பாத்தனான் தம்பி, விளங்குதே"ங்கிறாரு. நான் கேக்காமலே ஃப்ளாஞ்ச (ப்ரொப் ஷாஃப்ட் பூட்டுற தட்டு) புடிச்சு முன்னுக்குப் பின்னுக்கு அசைச்சு ஆட்டம் எவ்வளவு இருக்குன்னும் காட்டினாரு. அந்த வீடியோவ நான் இன்னும் அழிக்கல.

அந்த டிஃப் இருந்த ஐயாவோட கார் தொண்ணூறுகள்ல, பெற்றோல் தடை இருந்த காலத்துல மண்ணெண்ணையில ஓடினதாம். பெற்றோல காபரேட்டருக்குள்ள சொட்டுச் சொட்டா விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணைக்கு மாத்துறது, அங்க எல்லாரும் அப்படித்தான் ஓட்டினாங்க. எங்க ஊர் குளிருக்கு அந்த வேல நடக்காதுன்னு சொன்னேன், சிரிச்சாரு. இப்ப அந்தக் காருக்கு ஜப்பான் எஞ்சின், கியர்பொக்ஸ், டிஃப் எல்லாம் மாத்தியாச்சு, அதான் பழசு மிஞ்சிருச்சு. எனக்கு இதுல ஒரு கணக்கு உண்டு. யாழ்ப்பாணத்துல ஏத்தமே இல்ல, டிஃபுக்கு அங்க கஷ்டம் கம்மி, அதனால பல்லுச் சாமான் அங்க இருந்து வாங்கலாம், ஆனா கடல் காத்து பட்ட மட்கார்டு கதவு அங்க இருந்து வேணாம். மலநாட்டுக் கார்ல பாடி ஒரு மாதிரி தப்பிச்சாலும் டிஃப்பும் பிரேக்கும் தேஞ்சு போயிருக்கும். எந்த ஊர்ல ஓடின சாமான்னு கேக்குறது எத்தன வருஷம் ஓடினதுன்னு கேக்குறத விட முக்கியம்னு நெனக்கிறேன்.

வில 38,000. "காசு பிறகு போடலாம், முதல்ல சாமான் உமக்கு சரியோ எண்டு பாரும்"ன்னாரு, எனக்கு மனசு கேக்கல, பாதிய முதல்லயே போட்டுட்டேன். கொரியர்க்காரங்க அந்தப் பாரத்துக்கு கேட்ட காசப் பாத்துட்டு கண்டி பஸ்ல ஏத்தி விட்டாரு, நான் விடிய எந்திரிச்சு கண்டிக்குப் போய் எறக்கினேன். கண்டக்டர் மூஞ்சி சரியில்ல, என்னன்னு பாத்தா மூட்டையில இருந்து எண்ணெய் கசிஞ்சு பஸ் தரையில வட்டமா ஒரு கறை. மன்னிப்பு கேட்டு பழந்துணியால தொடச்சு விட்டுட்டுத் தான் எறங்க முடிஞ்சுது. டிஃப்ப சாக்குல போட முன்னாடி எண்ணெய வடிய விட்டிருக்கணும், ஐயாவுக்கு ஒரு மார்க் கொறைக்கிறது இதுக்குத்தான். மூட்டைக்குள்ள ஒரு பார்சல் புழுக்கொடியலும் (அவிச்சுக் காயவச்ச பனங்கிழங்கு) வச்சிருந்தாரு. அதுல டிஃப் எண்ணெய் வாசம் ஏறிருச்சு, ஆனாலும் வீட்டுல தின்னுட்டாங்க. நான் மிச்சக் காசோட ரெண்டு கிலோ தேயிலத் தூள் அனுப்பினேன், எங்க ஃபெக்டரியில செய்யிற பிஓபி ரகம். அஞ்சுக்கு நாலு.

குருநாகல்காரர் கதை சுருக்கம். முன் சக்கரத்துல ட்ரனியன்னு ஒரு சாமான், மைனரோட பெரிய நோயே அதுதான், கிரீஸ் அடிக்காம விட்டா மரை தேஞ்சு ஒரு நாள் சக்கரம் கழண்டு மட்கார்டுக்குள்ள மடங்கிரும். எறக்கத்துல அது நடந்தா என்ன ஆகும்னு நான் சொல்லத் தேவையில்ல. இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் மரை சுத்துற திசை வேற, மாத்திப் பூட்டவும் கூடாது. எனக்கு சிங்களம் தட்டுத் தடுமாறித்தான் வரும், அந்த மனுசன் "மல்லி, மல்லி"ன்னு (தம்பின்னு அர்த்தம்) பொறுமையா கேட்டாரு, முதல் கேள்வியே வலதா இடதான்னு. ரெண்டும் வேணும்னேன். ஒவ்வொன்னையும் அதுக்குரிய மரை உள்ள பின் கம்பியில திருகி, வெரலால ஆட்டி வீடியோ எடுத்து அனுப்பினாரு, ஒன்னுல லேசா ஆட்டம் தெரிஞ்சுது, அதுக்கு நான் கேக்கு முன்னாடியே வில கொறைச்சிட்டாரு. பெட்டியத் தொறந்தா ரெண்டுலயும் கம்பியால கட்டின மட்டைத் துண்டு, ஒன்னுல "வம" (இடது) ஒன்னுல "தகுண"ன்னு (வலது) சிங்கள எழுத்துல. கூட்டி வாசிக்க எனக்கு கொஞ்ச நேரம் எடுத்துச்சு, ஆனா தப்பு நடக்க வழியே இல்ல. முழு மார்க்.

இங்கிலாந்து ஆளு மேல எனக்கு கோவம் இல்ல, ஆனா அந்தக் காச திரும்ப செலவழிக்க மாட்டேன். பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் செட், பாவிக்காத பழைய ஸ்டொக், கம்பெனிப் பொட்டி கூட கசங்கல, அவ்வளவு அழகு. 18 பவுண், தபால் காசு அதுக்கு மேல, அப்புறம் இங்க வந்ததும் சுங்கத் தீர்வ வேற. மைனர்ல மாஸ்டர் சிலிண்டர் ட்ரைவர் கால் வைக்கிற தகட்டுக்கு கீழ சட்டத்துக்குள்ள சொருகி வச்சிருக்கு, அத வெளிய எடுக்க ஒரு நாளும் நெறைய கெட்ட வார்த்தையும் வேணும். பூட்டி, பிரேக் எண்ணெய்க்குள்ள இருந்த காத்து எடுத்து, முத்தத்துலயே மிதிச்சுப் பாத்தேன், பெடல் முதல்ல கல்லு மாதிரி நின்னுச்சு, கால எடுக்காம அழுத்திட்டே இருந்தா மெதுவா கீழ எறங்குது. திரும்பக் கழட்டினா ரப்பர் ஓரத்துல முடி மாதிரி வெடிப்பு. பொட்டி புதுசா இருந்தாலும் ரப்பருக்கு வயசு ஏறும்ல. அந்தாளு பொய் சொல்லல, அவருக்கும் தெரிஞ்சிருக்காது. இரும்பு பழசு வாங்குங்க, ரப்பர் பழசு மட்டும் எந்த நாட்டுல இருந்தும் வாங்காதீங்க, இப்ப செய்யிற புது ரப்பர் தான் வாங்கணும், அதுவும் பிரேக்குக்கு.

இதுல சிரிப்பு என்னன்னா அங்க உள்ளவங்க மோட்டர்வேல ஓட்டுறதுக்காக 4.55 டிஃப்ப கழட்டிட்டு 4.22 போடுறாங்க, சில பேர் எம்ஜி மிட்ஜெட்டோட 3.9 கூட. நமக்கு தங்கமா இருக்கிறது அங்க கராஜ் மூலையில துருப்புடிச்சுக் கெடக்கும், ஆனா அவ்வளவு இரும்ப தபால்ல போட்டா சாமான் வெலைக்கு மேல போயிரும். அதே நேரம் நம்ம நாட்டுல அடிச்ச மைனர் தகடு இங்கிருந்து இங்கிலாந்துக்குப் போயிருக்கு. நாம அவங்களுக்குத் தகடு அனுப்பினோம், அவங்க நமக்கு வெடிச்ச ரப்பர் அனுப்புறாங்க.

இப்ப நான் யாருகிட்ட வாங்கினாலும் காசு பேச முன்னாடி ஒரு சின்ன வேல குடுத்துப் பாக்குறேன். பல்ல எண்ணச் சொல்லுவேன், டேப் வச்சு அளந்து ஃபோட்டோ அனுப்பச் சொல்லுவேன் (948க்கு முன் பிரேக் ட்ரம் 7 இஞ்சி, 1098க்கு 8, இதுலயும் மைனர் 1000னு சொல்லித்தான் விப்பாங்க). கைய அழுக்காக்கிட்டு செய்யிற ஆளுகிட்ட ஆயிரம் ரெண்டாயிரம் கூடப் போனாலும் வாங்கலாம். "நம்ம ஆளுண்ணே, நம்பி எடுங்க"ன்னு ஆரம்பிச்சா நான் ஃபோன வச்சிருவேன், அவன் எங்க பக்கத்து டிவிஷனா இருந்தாலும் சரி.

கடைசியா ஒன்னு. அந்த 4.22 டிஃப் இன்னும் எங்க வீட்டு பின்பக்கம் தகரத்துக்கு கீழ சாக்குல சுத்திக் கெடக்கு, எண்ணெய வடிய விட்டாச்சு. நீர்கொழும்பு, புத்தளம், மட்டக்களப்புன்னு சமதரையில 1098 ஓட்டுறவங்க யாருக்காவது ஆகும்னா 30,000க்கு குடுக்கலாம். 38 பல்லு, நானே எண்ணினேன். ஒரு பல்லு ஓரத்துல நகக்கீறல் அளவுல ஒரு சில்லு போயிருக்கு, வீடியோவுல அதையும் காட்டுறேன், பகல் வெளிச்சம் வேணும், இங்க ரெண்டு நாளா மழ விடல.